ஸ்பானிய இறந்தகாலத்தின் ஒழுங்கற்ற வினைகள்: எங்கிருந்து தொடங்குவது?

தாழைமடல்

வணக்கம் நண்பர்களே. செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்ற ஸ்பானிய மொழித் தேர்வில் ஏ2 நிலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். நிகழ்காலம் ஓரளவு கைவந்துவிட்டது. இறந்தகாலத்துக்கு வந்ததும் அங்கேயே நிற்கிறேன். பேசு, சாப்பிடு போன்ற ஒழுங்கான வினைகளில் சிக்கல் இல்லை. ஆனால் தெனேர் (வைத்திரு) என்ற வினை தூவெ ஆகிறது, அஸேர் (செய்) ஈஸெ ஆகிறது, தெஸீர் (சொல்) தீஹெ ஆகிறது, ஈர் (போ) ஃபுவீ ஆகிறது. புத்தகத்தின் கடைசியில் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டிருக்கிறார்கள். மனப்பாடம் செய்தால் மறுநாளே மறந்துபோகிறது. ஏதாவது ஒழுங்கு இதற்குள் இருக்கிறதா, அல்லது அத்தனையையும் தனித்தனியாக நெட்டுருப் போடத்தான் வேண்டுமா?

கல்லணை

ஒழுங்கு இருக்கிறது, நிறையவே இருக்கிறது. பல ஆண்டுகளாக இந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன், அந்த அட்டவணையை அப்படியே மாணவர்கள் கையில் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதலில் ஓர் ஏற்பாடு. ஸ்பானியச் சொற்களை இங்கே தமிழில் எழுதும்போது அழுத்தம் விழும் இடத்தில் நெடிலும் மற்ற இடங்களில் குறிலும் போடுகிறேன். ஆப்லொ என்றால் 'பேசுகிறேன்'. அப்லோ என்றால் 'அவர் பேசினார்'. எழுத்துகள் அதேதான், அழுத்தம் மட்டும் முன்னாலிருந்து பின்னால் போயிருக்கிறது. அதைக் காட்டத்தான் இரண்டாவதில் கடைசி எழுத்தின் மேல் சாய்கோடு போடுகிறார்கள்.

ஒழுங்கான வினைகளில் 'நான்', 'அவர்' என்ற இரண்டு வடிவத்திலும் அழுத்தம் கடைசியில் இருக்கும்: அப்லே, அப்லோ, கொமீ, கொமியோ. உங்களைத் தடுமாற வைக்கும் கூட்டத்தில் அழுத்தம் பகுதியின் மேலேயே நிற்கும்: தூவெ, தூவொ, ஈஸெ, ஈஸொ, தீஹெ, தீஹொ. இலக்கணத்தில் இவற்றை வலிய இறந்தகாலம் என்பார்கள். இவற்றுக்குச் சாய்கோடே கிடையாது, ஏன் கிடையாது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

இந்தக் கூட்டம் முழுவதற்கும் விகுதி ஒரே வரிசைதான்: எ, ஈஸ்தெ, ஒ, ஈமொஸ், ஈஸ்தெயிஸ், இயேரொன். ஆர், ஏர், ஈர் என்று மூல வினை எதில் முடிந்தாலும் இதே விகுதிதான். ஒழுங்கான வினைகளுக்கு இரண்டு வரிசை படித்தீர்கள், இங்கே ஒன்று போதும். மாறுவது பகுதி மட்டுமே, அதையும் உயிரெழுத்தை வைத்துப் பிரித்துவிடலாம்.

ஊ வரும் கூட்டம்: தெனேர் தூவெ, எஸ்தார் எஸ்தூவெ, அந்தார் அந்தூவெ, பொதேர் பூதெ, பொனேர் பூஸெ, ஸபேர் ஸூப்பெ, கபேர் கூப்பெ, அபேர் ஊபெ. ஈ வரும் கூட்டம் சின்னது: அஸேர் ஈஸெ, வெனீர் வீனெ, கெரேர் கீஸெ. ஹ வரும் கூட்டம்: தெஸீர் தீஹெ, த்ரயேர் த்ராஹெ, அப்புறம் துஸீர் என்று முடியும் எல்லாமே, அதாவது கொந்துஸீர் கொந்தூஹெ, த்ரதுஸீர் த்ரதூஹெ, ப்ரொதுஸீர் ப்ரொதூஹெ. ஹ கூட்டத்தில் ஒரே ஒரு கவனம் வேண்டும். 'அவர்கள்' வடிவத்தில் இயேரொன் வராது, ஏரொன்தான் வரும். திஹேரொன், த்ரஹேரொன்.

இந்தப் பகுதிகள் தெரிந்தால் இவற்றின் மேல் முன்னொட்டு ஒட்டி வருபவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். மந்தெனேர் மந்தூவெ ஆகும், ஒப்தெனேர் ஒப்தூவெ ஆகும், ப்ரொப்பொனேர் ப்ரொப்பூஸெ ஆகும், ஸுப்பொனேர் ஸுப்பூஸெ ஆகும். அட்டவணை பக்கம் பக்கமாக நீளுவதற்குக் காரணம் இவைதான். ஆனால் ஓசையைப் பார்த்து ஏமாறக் கூடாது. மந்தார் (அனுப்பு) என்பதில் அந்தார் ஒலிக்கிறதே என்று மந்தூவெ போட்டுவிடாதீர்கள். அது ஒழுங்கான வினை, மந்தே என்றுதான் வரும்.

மிளகுக்கொடி

கல்லணை ஐயா சொன்ன பிரிவு நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் மெக்சிகோவின் குவாதலஹாராவில் வேலை பார்க்கிறேன், இங்கே எனக்கு இந்த வினைகள் வந்தது கூட்டம் பிரித்துப் படித்ததால் அல்ல, வாக்கியமாகக் காதில் விழுந்து விழுந்து வந்தது. வாயைத் திறக்கும் நேரத்தில் இது ஊ கூட்டமா ஈ கூட்டமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

மின்சாரம் நின்றால் இங்கே எல்லோரும் சொல்வது ஸெ ஃபுவே ல லூஸ். நம் ஊரில் கரண்ட் போயிடுச்சு என்று சொல்கிறோமே, வார்த்தைக்கு வார்த்தை அதேதான். நேர்காணலுக்கோ மருத்துவரிடமோ போய்வந்தவரிடம் கோமொ தெ ஃபுவே என்று கேட்பார்கள், எப்படிப் போயிற்று என்று அர்த்தம். மதியத்தில் அலுவலகத்தில் யாரைப் பார்த்தாலும் யா கொமீஸ்தெ, சாப்பிட்டாச்சா. முடியவில்லை என்றால் நொ பூதெ. என்ன சொன்னார் என்றால் கே தீஹொ. இந்த மாதிரி அன்றாட வாக்கியங்களை முதலில் வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஃபுவே என்பது ஈர் என்ற வினையின் வடிவம் என்ற எண்ணமே இல்லாமல் ஃபுவே தானாக வரும்.

இன்னொன்று. ஈஸ்தெயிஸ் விகுதியை இப்போதைக்கு விட்டுவிடலாம். அது ஸ்பெயினில் நண்பர்கள் பலரிடம் 'நீங்கள்' என்று பேசுவதற்கு. லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்தில் உஸ்தேதெஸ் என்ற சொல்லைப் போட்டு 'அவர்கள்' வடிவத்தையே சொல்கிறார்கள். ஆறில் ஒன்று குறைந்தது.

கல்லணை

மிளகுக்கொடி, கேட்டுப் பழகுவதற்கு நான் எதிரி அல்ல. ஆனால் நீங்கள் மெக்சிகோவில் இருக்கிறீர்கள், நாள் முழுக்க அந்த ஓசை உங்களைச் சுற்றி இருக்கிறது. தாழைமடலுக்கு வாரத்தில் சில மணிநேர வகுப்பு மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். காதில் விழாதவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு வேண்டும். அதைத்தான் கொடுக்கப் பார்க்கிறேன். ஈஸ்தெயிஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஸ்பெயினுக்குப் போகிறவர் விட்டுவிடக் கூடாது.

தாழைமடல்

இரண்டு பேருக்கும் நன்றி. அழுத்தத்தைப் பற்றி யாருமே எனக்குச் சொல்லவில்லை, தூவெ, ஈஸெ, தீஹெ மூன்றையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததும் ஒரே குடும்பம் என்று கேட்கிறது.

இன்னும் சில கேள்விகள். ஒன்று, ஸேர் (இரு) என்பதற்கும் ஈர் (போ) என்பதற்கும் ஒரே இறந்தகாலமா? ஃபுவே என்றால் இருந்தார் என்றா, போனார் என்றா? இரண்டு, தார் (கொடு) ஏன் தியோ ஆகிறது? ஆரில் முடிகிற வினைக்கு ஏர் வினையின் விகுதி வந்திருக்கிறதே. மூன்று, பழைய நாவல் ஒன்றில் தியோ, ஃபுவே இரண்டிலும் சாய்கோடு பார்த்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. எது சரி?

ஓலைக்கட்டு

பழைய மொழியில் ஆர்வம் உள்ளவன், எனவே இவற்றுக்கு நான் பதில் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்வி எளிது. முன்பு சாய்கோடு போட்டு எழுதினார்கள். ஸ்பானிய மொழிக் கழகம் 1952-இல் புதிய விதிகளை வெளியிட்டு 1959 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஃபுவீ, ஃபுவே, தியோ, வியோ இவை ஓரசைச் சொற்கள், அழுத்தம் வேறெங்கும் போக வழியில்லை, எனவே குறி தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். உங்கள் நாவல் அதற்கு முந்தைய அச்சாக இருக்கும்.

ஸேர், ஈர் இரண்டும் ஒன்றானது லத்தீன் முடிந்து காஸ்தீலிய மொழி, அதாவது ஸ்பானியம், உருவான காலத்துக் கதை. லத்தீனில் 'இரு' என்ற வினைக்கு இறந்தகாலம் ஃபுயி. 'போ' என்பதற்குத் தனியாக வேறு வடிவம் இருந்தது, அது தேய்ந்து ஓரிரு எழுத்தாகக் குறுகி வழக்கொழிந்தது. 'அங்கே இருந்தேன்' என்பதற்கும் 'அங்கே போனேன்' என்பதற்கும் இடையில் பேச்சில் தூரம் குறைவு, அதனால் ஃபுயி இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது. குழப்பம் வராது. ஃபுவே மேதிக்கொ என்றால் மருத்துவராக இருந்தார். ஃபுவே அல் மேதிக்கொ என்றால் மருத்துவரிடம் போனார். பின்னால் வரும் அந்த 'அல்' எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

ஹ கூட்டமும் லத்தீனிலிருந்து நேராக வந்ததுதான். லத்தீனில் தீக்ஸி, பழைய காஸ்தீலிய மொழியில் தீஷெ, இன்று தீஹெ. நடுவில் இருந்த அந்த ஷ ஒலி பக்கத்தில் இருந்த இ-யை விழுங்கிவிட்டது, கல்லணை சொன்ன திஹேரொன் அப்படி வந்ததுதான். அந்த ஒலிக்கு எக்ஸ் எழுத்தைப் போட்டு வந்தார்கள், 1815 எழுத்து விதிகளுக்குப் பிறகுதான் இன்றைய எழுத்து நிலைத்தது. மெக்சிகோ போன்ற சில பெயர்களில் மட்டும் பழைய எக்ஸ் இன்னும் இருக்கிறது.

ஊ கூட்டத்தில் சில ஒன்றைப் பார்த்து ஒன்று ஆனவை. அபேர் என்ற வினைக்குப் பழைய வடிவம் ஓவெ. அதைப் பார்த்துத் தெனேர் தோவெ ஆனது, எஸ்தார் எஸ்தோவெ ஆனது, பிறகு எல்லாமே ஊ ஆகிவிட்டன. ஆக இந்தக் கூட்டத்துக்குள் ஓசை ஒற்றுமை தற்செயல் இல்லை, பேசியவர்களே காதால் ஒன்றுசேர்த்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு. முன்பு இப்படிப்பட்ட வலிய வடிவங்கள் இன்னும் நிறைய இருந்தன. எல் சித் என்ற பழைய ஸ்பானியக் காவியத்தில் நாயகனை அடிக்கடி 'நல்ல வேளையில் பிறந்தவன்' என்று சொல்வார்கள், அங்கே பிறந்தான் என்பதற்கு நாஸ்கொ என்று வரும். இன்று அது நஸியோ, ஒழுங்கான வடிவம். வாழ்ந்தார் என்பதற்கு வீஸ்கொ என்று இருந்தது, இன்று விவியோ. பிறப்பதைப் பற்றியும் வாழ்வதைப் பற்றியும் எப்போதாவதுதான் பேசுகிறோம், எனவே அவை ஒழுங்குக்குள் போய்விட்டன. வந்தேன், சொன்னேன், செய்தேன், வைத்தேன் இவற்றை நாள் முழுக்கச் சொல்கிறோம், பழைய வடிவம் நாக்கிலேயே தங்கிவிட்டது. மிளகுக்கொடி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தங்கியவை எல்லாம் அடிக்கடி புழங்குபவை. கபேர் (இடம்கொள்) ஒன்று மட்டும் கொஞ்சம் அரிது.

தார் விஷயத்தில், பழங்காலத்திலிருந்தே அதன் விகுதி ஏர் வினைகளோடு சேர்ந்துவிட்டது. தீ, தீஸ்தெ, தியோ, தீமொஸ், தியேரொன். வேர் (பார்) என்பதும் அதே மாதிரி வீ, வீஸ்தெ, வியோ. இரண்டையும் ஜோடியாகவே படியுங்கள்.

கரிசல்மண்

நான் ஸ்பெயினில், மத்ரித்தில் இருக்கிறேன். இந்த இழையில் இதுவரை வடிவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு வடிவத்தைவிட எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஸ்பானியத்தில் இறந்தகாலம் ஒன்று இல்லை. முடிந்துபோன ஒரு செயலுக்கு நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் தூவெ, ஈஸெ வகை. பின்னணியாக ஓடிக்கொண்டிருந்ததற்கு வேறொன்று, அதை இம்பெர்ஃபேக்தொ என்பார்கள். அதில் ஒழுங்கற்றவை மொத்தமே மூன்றுதான்: ஸேர் ஏர, ஈர் ஈப, வேர் வெயீய. எனவே அங்கே வடிவம் சுலபம். ஆனால் சில வினைகளில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் போட்டால் பொருளே மாறுகிறது. ஸபீய என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. ஸூப்பெ என்றால் அப்போதுதான் தெரியவந்தது. நொ கெரீய என்றால் விருப்பமில்லாமல் இருந்தார், செய்தாரா இல்லையா என்பது தெரியாது. நொ கீஸொ என்றால் மாட்டேன் என்று மறுத்தேவிட்டார். பூதெ என்றால் முயன்று முடித்தேன். கொனொஸீ என்றால் முதல்முறையாகச் சந்தித்தேன். ஒருவரைப் பற்றி நொ கீஸொ வெனீர் என்று சொல்லிவிட்டு, அவருக்கு வர ஆசைதான், வேலை இருந்தது என்று பிறகு விளக்கினால் கேட்பவர்கள் குழம்பிவிடுவார்கள்.

அப்புறம் மத்ரித்தில் இன்று காலை நடந்ததைச் சொல்ல இந்த வடிவத்தையே பெரும்பாலும் போடமாட்டார்கள். காலை உணவு சாப்பிட்டேன் என்பதற்கு எ தெஸயுனாதொ. குவாதலஹாராவில் தெஸயுனே என்பார்கள் என்று நினைக்கிறேன், மிளகுக்கொடி சரிபார்க்கட்டும். எனவே ஸ்பெயின் பக்கம் வருகிறவர் ஏச்சொ (செய்தது), தீச்சொ (சொன்னது), வீஸ்தொ, புவேஸ்தொ, எஸ்க்ரீத்தொ, ரோத்தொ, அபியேர்த்தொ, வுவேல்த்தொ ஆகிய எச்சங்களையும் கூடவே படிக்க வேண்டும். அவையும் ஒழுங்கற்றவைதான்.

மிளகுக்கொடி

ஆமாம், இங்கே தெஸயுனேதான். இன்று, இந்த வாரம் என்று எதைச் சேர்த்தாலும் பெரும்பாலும் இதுதான். ஸ்பெயினிலும் கலீசியா, அஸ்தூரியாஸ், கனாரித் தீவுகளில் எங்களைப் போலத்தான் பேசுகிறார்கள்.

பெயர் விஷயத்திலும் ஒரு குறிப்பு. உங்கள் புத்தகத்தில் இந்தக் காலத்துக்கு இந்தெஃபினீதொ என்று இருக்கும், ஸ்பானிய மொழிக் கழகத்தின் இலக்கணத்தில் பெர்ஃபேக்தொ ஸீம்ப்லெ என்று இருக்கும், மெக்சிகோ புத்தகங்களில் வெறும் ப்ரெதேரித்தொ. கடைசிப் பெயர் இலக்கண அறிஞர் அந்த்ரேஸ் பேய்யொ 1847-இல் வெளியிட்ட இலக்கணத்தில் வைத்தது. மூன்றும் ஒன்றே, மூன்று தனிக் காலங்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

கல்லணை

கரிசல்மண் சொன்னது மிக முக்கியம், அதற்குத் தனி இழையே தேவை. ஆனால் வடிவம் நாக்கில் இல்லாமல் அந்தப் பொருள் வேறுபாட்டைப் பேச்சில் கொண்டுவர முடியாது, எனவே வடிவத்தை முடித்துவிடுவோம்.

இன்னும் ஒரு சின்னக் கூட்டம் பாக்கி. ஈரில் முடியும் வினைகளில் நிகழ்காலத்தில் உயிர் மாறுபவை இருக்கின்றனவே, அவை இறந்தகாலத்தில் 'அவர்', 'அவர்கள்' என்ற இரண்டு இடத்தில் மட்டும் மாறும். பெதீர் (கேள்): பெதீ, பெதீஸ்தெ, பிதியோ, பெதீமொஸ், பிதியேரொன். தொர்மீர் (தூங்கு): தொர்மீ, ஆனால் துர்மியோ, துர்மியேரொன். காரணம் விகுதியின் முன்னால் வரும் அந்த இய் ஒலி. அது முன்னால் இருக்கும் எ-யை இ ஆக்குகிறது, ஒ-வை உ ஆக்குகிறது. அந்த ஒலி இல்லாத இடத்தில் மாற்றமும் இல்லை.

புஸ்கார் புஸ்கே, யெகார் யெகே என்று எழுத்து மாறுகிறதே என்பார்கள். அவை ஒழுங்கற்றவை அல்ல. ஒலியைக் காப்பாற்றுவதற்காக எழுத்தை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். ஈஸெ என்பதில் ஒரு எழுத்து, ஈஸொ என்பதில் வேறு எழுத்து என்று வருவதும் அதே காரணம்.

இப்போது ஒரு சின்னப் பத்தி. சத்தமாகப் படியுங்கள்:

அயேர் வீனொ மி எர்மானொ. த்ராஹொ பான் இ பூஸொ ல மேஸ. மி மாத்ரெ லெ பிதியோ ஆகுவ இ ஏல் லெ தியோ கஃபே. லுவேகொ துர்மியோ தோஸ் ஓரஸ் இ ஸெ ஃபுவே.

நேற்று என் சகோதரன் வந்தான், ரொட்டி கொண்டுவந்தான், சாப்பாட்டு மேசையில் எல்லாம் எடுத்துவைத்தான், அம்மா தண்ணீர் கேட்டார், அவன் காபி கொடுத்தான், பிறகு இரண்டு மணிநேரம் தூங்கிவிட்டுப் போய்விட்டான். ஏழு வினைகள். வீனொ, த்ராஹொ, பூஸொ மூன்றிலும் அழுத்தம் முன்னால். பிதியோ, தியோ, துர்மியோ, ஃபுவே நான்கிலும் கடைசியில். கண்ணால் பார்க்காமல் காதாலேயே பிரிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் வேலையின் பெரும்பகுதி முடிந்தது. சகோதரன் ஒருவன் இல்லை, சகோதரர்கள் என்று வைத்து இந்த ஏழையும் 'அவர்கள்' வடிவத்தில் எழுதி இங்கே போடுங்கள் (தண்ணீர் கேட்டவர் அம்மாதான் என்றாலும் அதையும் பயிற்சிக்காக மாற்றுங்கள்).

தாழைமடல்

வினியேரொன், த்ரஹேரொன், புஸியேரொன், பிதியேரொன், தியேரொன், துர்மியேரொன், ஃபுவேரொன்.

'அவர்கள்' வடிவத்தில் எல்லாவற்றுக்கும் ஏரொன் பகுதியிலேயே அழுத்தம் வந்துவிடுகிறது, சரிதானே?

கல்லணை

ஏழும் சரி, அழுத்தமும் சரி. 'அவர்கள்' வடிவத்தைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எந்த வினையையும் எடுத்து அந்த வடிவத்திலிருந்து கடைசி ரொன்-ஐக் கழற்றி ர போடுங்கள். வினியேர, த்ரஹேர, துவியேர, ஃபுவேர. நிச்சயமில்லாததைச் சொல்லும் வடிவம் அது, ஏ2 தாண்டியதும் உங்கள் முன்னால் வந்து நிற்கும். ஸி துவியேர தினேரொ, இரீய. பணம் இருந்தால் போவேன், ஆனால் இல்லை என்ற தொனி. இந்தக் கழற்றி மாட்டும் விதிக்கு ஸ்பானியத்தில் விலக்கே கிடையாது, ஒழுங்கானது ஒழுங்கற்றது எல்லாம் அடங்கும்.

தமிழ் பேசுகிறவருக்கு இது புதிதே அல்ல. வா என்ற வினை வந்தேன் என்று மாறுகிறது, அந்த இறந்தகால வந்த்-இலிருந்துதான் வந்தால் என்ற நிபந்தனையும் வருகிறது. நில் நின்றேன் நின்றால், கேள் கேட்டேன் கேட்டால். நடக்காத ஒன்றைச் சொல்ல இறந்தகாலப் பகுதியைக் கடன் வாங்கும் வழக்கம் நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நம் வந்தால் உண்மையில் வரக்கூடியவருக்கும் பொருந்தும், அவர்கள் அந்த இடத்தில் ஸி வியேனெ என்று நிகழ்காலத்தைப் போடுவார்கள்.

அதனால்தான் புதிய வினை எது வந்தாலும் மாணவர்களிடம் இரண்டு வடிவம் எழுதச் சொல்வேன்: 'நான்', 'அவர்கள்'. தூவெ, துவியேரொன். பெதீ, பிதியேரொன். மற்ற எல்லாம் இந்த இரண்டிலிருந்து வந்துவிடும்.

மிளகுக்கொடி

இந்த ரொன் விஷயம் எனக்கு யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை, அருமை. கயிறு வேண்டும் என்று நீங்கள் சொன்னதை இந்த இடத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

தாழைமடல்

எழுதி வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. யூடியூபில் சிலர் திஹீஸ்தெஸ் என்று கடைசியில் ஸ் சேர்க்கிறார்கள். இன்னும் சிலர் நிறைய பிரச்சினைகள் இருந்தன என்பதற்கு உபியேரொன் ப்ரொப்லேமஸ் என்கிறார்கள். வகுப்பில் ஊபொ என்றுதான் படித்தோம். பழகிக்கொள்ளலாமா?

கரிசல்மண்

காதுக்குப் பழக்குங்கள், கைக்கு வேண்டாம். நிகழ்காலத்தில் 'நீ' வடிவம் எப்போதும் ஸ்-இல் முடிகிறது, அதே பழக்கத்தில் திஹீஸ்தெஸ் வருகிறது. ஸ்பெயினிலும் அமெரிக்காவிலும் பேச்சில் நிறையக் கேட்கலாம், எழுத்தில் ஏற்கமாட்டார்கள். அந்தார் என்பதற்கு அந்தூவெ விட்டு அந்தே என்று பெரியவர்களே சொல்லிக் கேட்கலாம். சின்னப் பிள்ளைகள் பூஸெ என்பதற்குப் பொனீ என்பார்கள், அழுத்தத்தைக் கடைசிக்குத் தள்ளி ஒழுங்கான விகுதியைப் போட்டுவிடுகிறார்கள்.

உபியேரொன் கதை வேறு. 'இருக்கிறது' என்ற பொருளில் அபேர் வரும்போது அதற்கு எழுவாயே இல்லை, எனவே பொருள்கள் எத்தனை இருந்தாலும் ஊபொதான். லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளிலும் ஸ்பெயினில் கத்தலான் மொழி பேசும் பகுதிகளிலும் படித்தவர்கள்கூட உபியேரொன் என்பார்கள். தேர்வில் ஊபொ ப்ரொப்லேமஸ் என்று எழுதுங்கள்.